காணி உள்ளவருக்குத் துவக்கு, இல்லாதவருக்குக் கம்பியா?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில், நமது சங்கக் காரியாலயத்துக்கு ஒரு தாய் வந்திருந்தார். அன்றைய பேரை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவருடைய மகன் விளக்கமறியலில் இருந்தான். லயத்துக்குப் பின்னால் நான்கு பாத்தி லீக்ஸும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார்கள். இரவில் காட்டுப்பன்றி வந்து கிளறிவிட்டுப் போனது. மறுநாளும் வந்தது. மகன் பழைய சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு வேலியில் கட்டினான். விடிந்தபோது அதில் மாட்டியிருந்தது பன்றி அல்ல, சிறுத்தை.

"தலைவரே, பன்னிக்குத்தான் கம்பி கட்டுனான். புலி வரும்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அவருக்குச் சட்டத்தரணி ஒருவரை ஒழுங்கு செய்து கொடுத்தோம். ஆனால் அவருடைய கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. ஏனெனில் அதே பன்றி, பக்கத்தில் உறுதிப்பத்திரம் உள்ள ஒரு காணிக்காரரின் தோட்டத்துக்குள் நுழைந்திருந்தால், அவர் சட்டப்படி எடுத்த துவக்கால் அதைச் சுட்டிருக்கலாம். நமது பையனுக்கு அந்த வழி கிடையாது. அவன் கம்பியை எடுத்தான். கம்பி அவனை மறியலுக்கு அனுப்பியது, சிறுத்தையையும் கொன்றது.

காட்டு விலங்கைச் சுடுவது பற்றிய சட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சம்பளம், வீடு, சேமலாப நிதி என்று நமக்குப் பேச எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இந்தச் சட்டமும் கடைசியில் காணிப் பிரச்சினைக்கே வந்து சேர்கிறது. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

துரைமாரின் விளையாட்டு

மலைநாட்டில் துவக்கு முதலில் வந்தது பயிரைக் காக்க அல்ல. வெள்ளைக்காரர்களுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்காக இருந்தது. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களோடு மரைகளைத் துரத்திக் கொன்றதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். இன்று நாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச் செல்லும் ஹோர்ட்டன் சமவெளி அக்காலத்தில் அவர்களுடைய வேட்டைக்களம். பழைய பங்களாக்கள் சிலவற்றின் சுவர்களில் இன்றும் மரைக்கொம்பு தொங்குகிறது.

அந்தக் காலத்தில்தான் நமது முன்னோர்கள் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் காட்டை வெட்டிக் கொண்டிருந்தார்கள். காடு குறைந்தது, சுடுவதற்கு விலங்கும் குறைந்தது. அதன் பிறகே சட்டம் வந்தது. யானை, எருமை முதலியவற்றை வீணாகக் கொல்வதைத் தடுக்க 1891இல் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1894இல் வேட்டை விலங்குகளைப் பாதுகாப்பதற்கென ஒரு சங்கம் அமைந்தது. அதைத் தொடங்கியவர்களிலும் வேட்டைப் பிரியர்கள் இருந்தார்கள். விலங்கு அழிந்துவிட்டால் வேட்டையும் முடிந்துவிடும் என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது.

அது அன்றைய கதை. இன்று சிறுத்தை, யானை, கரடி, மரை போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்குகளை விளையாட்டுக்காகச் சுட எவருக்கும் உரிமை இல்லை. துரையானாலும் அமைச்சரானாலும், அவர் நிற்பது சொந்தக் காணியே ஆனாலும் இல்லை. இது நல்ல சட்டம். இதை நாம் எதிர்க்கவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது

நமது உறுப்பினர்கள் இரண்டு சட்டங்களின் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனஜீவராசிகள் மற்றும் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். மற்றது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். இரண்டும் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டிருக்கின்றன.

முதலாவது சட்டம் எந்த விலங்கைத் தொடக்கூடாது என்று சொல்கிறது. தேசிய பூங்காவுக்குள் மட்டும் அது செல்லும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. சிறுத்தை தேயிலை மலையில் நின்றாலும், லயத்து வாசலில் நின்றாலும், தனியார் காணியில் நின்றாலும் அதே பாதுகாப்புத்தான். மரையும் மானும் அப்படியே. அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் வாங்குவதும்கூடக் குற்றமாகும். "நான் கொல்லவில்லை, ஒரு கிலோ வாங்கினேன்" என்ற பதில் காப்பாற்றாது. காட்டுப்பன்றி அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. பயிரை அழிக்கும் பன்றியைக் காணிக்காரர் சுடலாம் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது சட்டம் துவக்கு பற்றியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது ஓர் ஆளுக்கு வழங்கப்படுவது. "மாமாவின் துவக்கை ஓர் இரவுக்கு வாங்கினேன்" என்றால், மாமாவும் மாட்டுவார், மருமகனும் மாட்டுவார். இரும்புக்குழாயில் செய்த கட்டுத்துவக்குக்கு அனுமதிப்பத்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சாப்பாட்டுக்குள் வைக்கும் பன்றிவெடியும் அப்படியே. கட்டுத்துவக்கில் கால் போன மனிதர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். அவர்களில் பலர் விறகுக்கும் தண்ணீருக்கும் போன அப்பாவிகள்.

பூட்டுக்குத் திறப்பு காணி உறுதி

பயிர்ப் பாதுகாப்புக்கென ஒருவர் துவக்கு கேட்டால், மாவட்டச் செயலகத்துக்கு விண்ணப்பிக்கிறார். கிராம உத்தியோகத்தரும் பொலிஸும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னர் ஒரு கேள்வி வருகிறது: உமது காணி எங்கே? அதற்கு உறுதி அல்லது பத்திரம் எங்கே?

இந்தக் கேள்வியில் தோட்டத் தொழிலாளி நின்றுவிடுகிறான்.

நாம் பயிரிடும் நிலம் நமது பெயரில் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பிறகு நீண்டகாலக் குத்தகையும் அவற்றுக்கே கிடைத்தது. இந்தக் கைமாற்றங்கள் எதிலும் லயத்தில் இருந்தவன் நிலத்துக்கு உரியவனாகக் கணக்கெடுக்கப்படவில்லை. 1948இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தால் தீர 2003 ஆனது. வாக்குரிமை வந்தது, அடையாள அட்டை வந்தது. காணி மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை மேசையிலேயே கிடக்கிறது. வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் என்றார்கள், பின்னர் 10 பேர்ச் என்றார்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச். அதாவது 10 பேர்ச் என்பது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. அதுவும் எல்லோருக்கும் வந்து சேரவில்லை.

லயத்துக்குப் பின்னால் உள்ள பாத்தியை நமது தாத்தா கொத்தினார், அப்பா கொத்தினார், நாமும் கொத்துகிறோம். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அந்தப் பாத்தி கம்பனியின் குத்தகை நிலம். அங்கே பயிர் அழிந்தால் யாரும் வந்து பார்ப்பதில்லை. அந்த மரக்கறிப் பாத்திக்கு நட்டஈடு வாங்கிய ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுவதும் 5 நிமிடம் குரங்கு, மயில், மர அணில் எண்ணினார்கள். நல்ல விடயம்தான். ஆனால் நமது பாத்தியை இரவில் உழும் காட்டுப்பன்றி அந்தக் கணக்கில் இருக்கவில்லை.

பன்றியும் சிறுத்தையும் லயத்துப் பக்கம் வருவது ஏன் என்றும் கேட்க வேண்டும். புல் வெட்டும் நாட்களைக் குறைத்து, விளைச்சல் குறைந்த மலைகளைக் கைவிட்டு, தேயிலைக்குள் ஆளுயரப் புதர் வளர விட்டது யார்? அந்தப் புதரில்தான் பன்றி குட்டி போடுகிறது. பன்றியைத் தேடிச் சிறுத்தையும் வருகிறது. லயத்துக் குப்பை மாதக்கணக்கில் அள்ளப்படாமல் கிடக்கிறது. குப்பைக்கு நாய் வருகிறது. நாய்க்குச் சிறுத்தை வருகிறது. விலங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கொழுந்தெடுக்கும் பெண், பக்கத்துச் செடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையை நீட்டுகிறாள்.

கம்பிக்குக் கண் இல்லை

துவக்கு வைத்திருப்பவனாவது எதைச் சுடுகிறோம் என்று பார்க்கிறான். கம்பி பார்ப்பதில்லை. பன்றிக்குப் போட்ட சுருக்கில் மரை மாட்டுகிறது, நாய் மாட்டுகிறது, சிறுத்தை மாட்டுகிறது. சிறுத்தை இழுக்க இழுக்கக் கம்பி இடுப்பில் இறுகுகிறது. வெளியில் சிறிய காயமாகத் தெரியும். உள்ளே எல்லாம் நசுங்கிப் போயிருக்கும்.

2020 மே மாத இறுதியில், நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் சிக்கியது நினைவிருக்கும். நாட்டில் கருஞ்சிறுத்தையைக் கண்டவர்கள் மிகச் சிலர். மரக்கறித் தோட்டத்தில் சிக்கிய அதை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாட்களில் அது இறந்துவிட்டது. நாடே அதைப் பார்த்துக் கவலைப்பட்டது. கவலைப்பட்டவர்களில் எத்தனை பேர், அந்த மலைகளில் ஒரு மரக்கறிப் பாத்தியின் விலை என்ன என்று கேட்டார்கள்?

இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத கிளையினம். மலையகத்தில் அது இன்னும் உயிர்வாழ்வது நமது தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில். காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் பிடித்துத் தின்பதும் அதுதான். சிறுத்தையைக் கொன்றால் பன்றி பெருகும். அடுத்த வருடம் நமது உருளைக்கிழங்கைத் தோண்டப் போவது அந்தப் பன்றிதான்.

நமக்கும் துவக்கு வேண்டுமா?

நமது கூட்டங்களில் இளைஞர்கள் சிலர் இதைக் கேட்கிறார்கள். "காணிக்காரருக்குக் கொடுக்கிற துவக்கை எங்களுக்கும் கொடுங்கள் என்று சங்கம் கேட்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. உரிமை என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே நமது கொள்கையும்.

ஆனாலும் நாம் துவக்குக் கேட்கப் போவதில்லை. காரணம் நமது வாழ்விடம். பத்து ஏக்கரில் தனியாக வீடு உள்ளவர் இருட்டில் சுட்டால் குண்டு அவருடைய காணியிலேயே விழலாம். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும் லயத்தில் சுட்டால் அது எங்கே போய் விழும்? விடியற்காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் பெண் மேல் படும். சம்பள நாள் இரவில் சண்டை வரும் வீட்டில் துவக்கு இருந்தால் என்ன நடக்கும் என்று நமது மாதர் சங்கத் தலைவிமாரைக் கேளுங்கள். அவர்கள் நேராகச் சொல்வார்கள்.

நாம் கேட்பது துவக்குக்குப் பின்னால் இருக்கும் உரிமையை. பயிரிட்டவனின் பயிரைப் பாதுகாக்கும் பொறுப்பு அரசுக்கும் நில நிர்வாகத்துக்கும் உண்டு என்ற உரிமையை.

நாம் கேட்பவை

முதலாவது, வீட்டுக்கும் பயிர் நிலத்துக்கும் சட்டப்படியான உறுதி. உறுதி இருந்தால் வேலிக்குக் கடன் வாங்கலாம், விவசாய உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அழிந்த பயிருக்குக் கணக்குக் கேட்கலாம். உறுதி கைக்கு வரும்வரை, தோட்டத்தில் உண்மையாகப் பயிரிடுபவரைப் பயிரிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம் அதற்குப் போதும்.

இரண்டாவது, புதர் மண்டிய மலைகளைத் துப்புரவு செய்வது கம்பனியின் கடமை. குத்தகை எடுத்தவர் நிலத்தைப் பராமரிக்க வேண்டும். லயங்களையும் பாதைகளையும் ஒட்டிய பகுதிகளை முதலில் செய்ய வேண்டும். குப்பை அள்ளுவதும் அதோடு சேர்ந்தது.

மூன்றாவது, மரக்கறிப் பாத்திகள் சேர்ந்திருக்கும் இடங்களுக்குப் பொதுவேலி. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கம்பி கட்டுவதற்குப் பதிலாக, தோட்டமும் பிரதேச சபையும் சேர்ந்து ஒரு வேலி போட்டால் எல்லோருடைய பயிரும் தப்பும். எந்த விலங்கும் சாகாது.

நான்காவது, வேலை நேரத்தில் மலையில் விலங்கு தாக்கிக் காயப்பட்டால் அதை வேலைத்தள விபத்தாகப் பதிவு செய்ய வேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோர நமக்கு வழி இருக்கிறது. "அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் விடயம்" என்று தோட்ட நிர்வாகம் கையைக் கழுவிவிட முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பது மட்டும் போதாது. நமது பக்கத்திலும் திருத்த வேண்டியது இருக்கிறது.

தோட்டத் தலைவர்களே, இந்த மாதக் கூட்டத்தில் இதை எடுங்கள். உங்கள் தோட்டத்தில் எங்கெங்கே கம்பி கட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைப் போட்டவர்களையும் தெரியும். காட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை. அவர்களோடு போய் நின்று கழற்றுங்கள். பயிருக்காகக் கட்டியவரும் உண்டு, இறைச்சி விற்கக் கட்டியவரும் உண்டு. முதலாமவருக்கு நாம் துணை நிற்போம். இரண்டாமவருக்கு வழக்கு வந்தால் சங்கத்தின் பெயரைக் கொண்டுவர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறோம்.

சிறுத்தை கம்பியில் மாட்டியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். கல் எறியாதீர்கள். வீடியோ எடுக்கக் கூட்டம் கூடாதீர்கள். கம்பி அறுந்தால் முதலில் காயப்படுவது முன்னால் நிற்கும் பிள்ளைதான். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கும் பொலிஸுக்கும் உடனே சொல்லுங்கள். சத்தம் இல்லாமல் ஆட்களைத் தூர நிறுத்துங்கள். விலங்கு பிழைப்பதற்கும் அதுவே வழி.

யாரையாவது பொலிஸார் அழைத்துச் சென்றால் அன்றே தலைவருக்கு அறிவியுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதிய தாளை, வாசித்து விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்து வைக்காதீர்கள். நமது பலர் வழக்கில் தோற்பது குற்றத்தால் மட்டுமல்ல, விளங்காமல் வைத்த ஒரு கையெழுத்தாலும்தான்.

அந்தத் தாயின் மகனுக்குப் பிணை கிடைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர் போகிறது. பாத்தியில் இப்போது ஒன்றும் இல்லை. பன்றி மட்டும் பழையபடி வந்து போகிறது.

சட்டம் அவனிடம் ஏன் கம்பி கட்டினாய் என்று கேட்டது. கேட்கட்டும், அது சட்டத்தின் வேலை. வேறு எந்த வழியை அவனுக்குத் திறந்து வைத்தீர்கள் என்று கேட்பது நமது வேலை. வரும் பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் இந்தக் கேள்வியும் இருக்கும். அதற்கு முன், நம் லயத்து வேலிகளில் ஒரு கம்பியும் இருக்கக் கூடாது.